சொந்த அழுக்கோடு வருபவர்

முட்டையின் மஞ்சள் கருவை ஈனிட் ஸ்கோல்ஸ் கையால் தொடமாட்டார். அதற்கென்று அரை அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்று வைத்திருக்கிறார். தட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரே இழுப்பு. திரும்பத் தடவுவது கிடையாது. மூன்று தட்டில் முட்டை, மூன்றில் ஓட்ஸ் கஞ்சி, மூன்றில் இறைச்சிக் குழம்பு, மூன்றில் கஸ்டர்டு. எட்டுக் கோப்பைகளுக்கு உதட்டுச்சாயம். அதை ஒவ்வொரு கோப்பையாக முத்தமிட்டு அவரே பதிக்கிறார். எல்லாவற்றையும் ஜன்னலோரம் காயவைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். ஒருமுறை கணவர் மாரிஸ் நல்லெண்ணத்தில் ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டார். "நாப்பத்தெட்டு வருஷத்துல அந்த ஆளை விட்டுட்டுப் போயிடலாமான்னு அன்னிக்கு ஒருநாள்தான் யோசிச்சேன்" என்பார் ஈனிட்.

மறுநாள் காலை அந்த அழுக்குத் தட்டுகள் கேக் டின்களில் ஏறி, காரின் பின் இருக்கையில் சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு புறப்படும். தன்னிடமுள்ள பழைய டிஷ்வாஷர் இன்னும் ஓடுகிறது என்று யார் சொல்கிறாரோ அவர் வீட்டுக்கு. பழைய பிரிட்டிஷ் டிஷ்வாஷர்களையும் அவற்றின் புரோஷர்களையும் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அறுபத்து மூன்று உறுப்பினர்கள். அதில் பதினொரு பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சங்கத்தின் பதிவேட்டை முப்பத்தோரு வருடமாக வைத்திருப்பவர் ஈனிட். சங்கத்தின் செய்தி மடலை அச்சுக்கு அனுப்புவதும் அவர்தான். சோதனைக்குப் போகும்போது அழுக்கைத் தன் வீட்டிலிருந்தே கொண்டுபோவார். இரண்டு தொகுதிகள்: ஒன்று சோதனைக்கு, அதில் தோற்றால் மேல்முறையீட்டுக்கு இன்னொன்று.

"அவனவன் வீட்டு அழுக்கை நம்பக் கூடாது கண்ணு. கஞ்சின்னு சொல்லித் தண்ணியைக் காட்டுவான். பாதிரியார் ஒருத்தர் கஸ்டர்டுக்குப் பதிலா மஞ்சள் சோப்பைத் தடவி வெச்சிருந்தார். பாதிரியார்!"

எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும். வயது எழுபத்தைந்து. உயரம் ஏறக்குறைய ஒரு டிஷ்வாஷரும் அதன்மேல் வைத்த ரொட்டிப் பெட்டியும். ஷூ லேஸில் கோத்த சின்ன டார்ச் ஒன்று கழுத்தில் எப்போதும் தொங்கும். மாதா கோயிலில் கல்யாணம் என்றாலும் தொங்கும்.

பதிவேட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே மூன்று சொற்களில் ஒன்று இருக்கும்: 'ஓடுகிறது', 'ஓடவில்லை', 'கேள்வி'. சொந்தக்காரர் மட்டும் சொல்லி வேறு யாரும் பார்க்காததற்குப் பெயர் கேள்வி. பாத்திரம் சுத்தமாக வர வேண்டும். மூன்று புள்ளி அழுக்கு வரை மன்னிப்பு உண்டு. மெஷினின் பாகங்களைப் புதிதாகச் செய்து போட்டுக்கொள்ளலாம், ஆனால் மின்கம்பி இணைப்புகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். அந்த ஏட்டில் வேறு யார் கையெழுத்தும் கிடையாது. மணிக்கட்டு முறிந்த வருடம், சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன் என்று மாரிஸ் முன்வந்தார். "நீ எழுதினா அது உன் சாட்சி. நீ எதைப் பார்த்தே?" என்று கேட்டுவிட்டு, இரண்டு மாதம் ஏட்டையே திறக்கவில்லை.

இந்தக் கறாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பது வயதில் ஈனிட் ஒரு மின்சாதனக் கடையின் ஷோரூமில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு டிஷ்வாஷர் ஓட்டிக் காட்டும் வேலை பார்த்தார். கூட்டம் கூடுவதற்கு முன்னால் தட்டுகளை எல்லாம் பின்கட்டில் கையால் கழுவி, மேலாகக் கொஞ்சம் குழம்பு தொட்டு வைத்துவிட வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. "நாலு வருஷம் டார்வென் ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளைங்களுக்கும் பொய் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். லிப்ஸ்டிக் மட்டும் அப்பவும் என்னோடதுதான்."

வீட்டில் ஏழு மெஷின்கள் இருக்கின்றன, கிழமைக்கு ஒன்று. புதன்கிழமை மெஷின் ஒழுகும். அதனால் புதன்கிழமை மாரிஸ் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்துவிடுவார், தட்டே வேண்டாம். புரோஷர்கள் முந்நூற்று நாற்பது. அவற்றில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் ஈனிட் பெயர் வைத்திருக்கிறார். முத்துமாலையும் குதிகால் செருப்புமாகச் சமையலறையில் நிற்கும் பெண்கள். இவள் டோரிஸ், மாமியாருக்கு விஷம் வைப்பவள். அவள் ஜில்லியன், பால்காரனுக்கு இரண்டு முறை கதவு திறப்பவள்.

எல்லோரிலும் பேர்போனவள் பமீலா. பெல்வேல் கம்பெனியின் 'டயடெம்' மாடல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு. அந்தப் புரோஷரில் இரண்டு பிரதிகள்தான் மிச்சம். நடுப்பக்கம் முழுக்க ஒரே படம்: திறந்த மெஷின், உள்ளே அடியில் சுழன்று தண்ணீரை மேலே வீசும் இம்பெல்லர், பக்கத்தில் மூடியைப் பிடித்தபடி பமீலா. வருடாந்திரக் கூட்டத்தில் பமீலாவைப் பற்றி ஈனிட் பேசாவிட்டால் கூட்டம் முடிந்ததாகவே யாரும் நினைக்கமாட்டார்கள்.

"மோதிரம் வலது கையில. பார்த்தீங்களா? கல்யாணமானவ எவளாவது வலது கையில போடுவாளா? சட்டை பட்டனும் ஆம்பளை பக்கம். சட்டையே அந்த ஆளோடது. சமையலறை யாரோடதுன்னு நான் சொல்லணுமா?"

முப்பது வருடமாக எல்லோரும் சிரித்தார்கள். லெனார்ட் க்ராப்ட்ரீ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். புரோஷரின் இன்னொரு பிரதி அவரிடம்தான் இருந்தது. மிச்சமிருக்கும் மூன்று டயடெம் மெஷின்களில் ஒன்றும் அவரிடம்தான் இருந்தது. மற்ற இரண்டும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. லெனார்டின் மெஷினில் எல்லாம் இருந்தன, இம்பெல்லரைத் தவிர. புரோஷர் படத்தைப் பார்த்து அவரே ஒன்று வார்த்துப் பொருத்தினார். ஓடுகிறது என்றார். ஈனிட் சோதனைக்கு வருவதாகச் சொன்னபோதெல்லாம் ஒரு வாஷர் போய்விட்டது, ஒரு ரப்பர் வரவேண்டியிருக்கிறது என்றார். பத்தொன்பது வருடம் அவர் பெயருக்கு எதிரே 'கேள்வி' என்றே இருந்தது. பிப்ரவரியில் லெனார்ட் இறந்துபோனார்.

ஜூன் மாதத்தில் அவர் மகள் பெவர்லி ஈனிட்டுக்குப் போன் செய்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் பொறியாளர், அதிகம் பேசமாட்டாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவேட்டை அச்சிடுவார்கள், ஜூலையில் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். அதற்குள் சோதனைக்கு வர முடியுமா?

ஈனிட் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தமாக வராவிட்டால் 'ஓடவில்லை' என்று எழுத வேண்டிவரும், அது அப்படியே அச்சாகும் என்றார். "கேள்வின்னே இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. அதுல மானம் போகாது. செத்தவரை எதுக்குப் பரீட்சைக்கு உக்கார வைக்கிறே?"

"வாங்க" என்றாள் பெவர்லி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிளித்தரோவில் லெனார்டின் வீட்டு வாசலில் கார் நின்றது. ஈனிட் கேக் டின்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, துக்கம் விசாரிக்காமல் நேரே பின்பக்கம் போனார். சமையலறையிலேயே, தொட்டிக்குப் பக்கத்தில், டயடெம் நின்றது. முட்டை ஓட்டின் நிறம். ஈனிட் அதைச் சுற்றி வந்தார். புரோஷர் படத்தில் மெஷினை ஓட்டும் திருகு இடதுபுறம் இருக்கும், லெனார்டின் மெஷினில் வலதுபுறம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இடப்பக்கத் திருகு வைத்த ஆரம்பகால மாடல் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று லெனார்ட் இரண்டு பக்கக் கட்டுரையே எழுதி, அது செய்தி மடலில் வந்திருக்கிறது.

தட்டுகளை ஈனிட்டே அடுக்கினார். பெவர்லி திருகைத் திருப்பினாள். மெஷின் உறுமியது, சூடானது, நாற்பது நிமிடம் முனகியது, நின்றது. ஈனிட் மூடியைத் திறந்து டார்ச்சை அடித்தார். மேல் அடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறியிருக்கவில்லை. கீழ் அடுக்கில் முட்டை இன்னும் இறுகியிருந்தது.

"கஸ்டர்டைச் சுடவெச்சுக் குடுத்திருக்கு" என்றார் ஈனிட். "இன்னும் கொஞ்சம் சர்க்கரை இருந்தா சாப்பிடலாம்."

பெவர்லி சிரிக்கவில்லை. ஈனிட் பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார், பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அரை மணி நேரம் குடுங்க" என்றாள் பெவர்லி.

"ரெண்டாவது டின் இருக்கு. எடுத்துக்கோ."

மெஷினைக் காலி செய்து, தண்ணீரை வடித்து, பெவர்லி இம்பெல்லரைக் கழற்றினாள். பளபளவென்று இருந்தது. அடியில் எண் 7, தேதி போன நவம்பர். அப்பாவின் கருவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒன்று முதல் ஆறு வரை அங்கே வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் துணியில் சுற்றி. முதலாவது கரடுமுரடு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நேர்த்தி, புரோஷர் படத்துக்கு இன்னும் நெருக்கம். பக்கத்தில் புரோஷரும், அந்தப் படத்தில் இம்பெல்லர் நிஜ அளவுக்கு வரும்படி பெரிதாக்கி எடுத்த நகலும். வளைவுக்கு வளைவு பென்சிலால் கோணம் அளந்து எழுதியிருந்தார்.

ஏழையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். மோட்டாரின் மேல் தொழிற்சாலை அடித்த அம்புக்குறியைப் பார்த்தாள், வலஞ்சுழி. இம்பெல்லரின் இறக்கைகளைப் பார்த்தாள். அந்த வளைவு இடஞ்சுழிக்கானது. எதிர்ப்பக்கம் சுழற்றினால் தண்ணீரை அள்ளாது, வெறுமனே கலக்கும். அவள் கம்பெனியில் சேர்ந்து ஒரு வாரமான ஆள்கூட இதைச் சொல்லிவிடுவான். அப்பா எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லியிருக்கிறார், தண்ணி மேல ஏறமாட்டேங்குதும்மா, ஒருதடவை வந்து பாரேன் என்று. மோட்டாரை மாற்றிப் பாருங்கள் என்று அவள் போனிலேயே சொல்லியிருக்கிறாள். அவர் மாற்றியிருக்கிறார், அதே மாதிரி, அதே அம்புக்குறியோடு, மூன்று முறை. மெஷினைச் சந்தேகப்பட்டார், தண்ணீர் அழுத்தத்தைச் சந்தேகப்பட்டார், சோப்பைச் சந்தேகப்பட்டார். புரோஷரை மட்டும் சந்தேகப்படவில்லை.

"படம் தப்பு" என்றாள் பெவர்லி. "இடவலமா மாறி அச்சாயிருக்கு."

"புரோஷர் தப்பாவா?" ஈனிட்டின் குரலில் அடி விழுந்தாற்போல ஒரு அதிர்ச்சி. "அதுல பேர் நேராத்தானே இருக்கு, பெல்வேல்னு."

"பேரைத் தனியா மேல ஒட்டி அடிச்சிருக்காங்க. எழுத்தோட நிழல் வேற பக்கம் விழுது பாருங்க."

ஈனிட் டார்ச்சைப் படத்தின்மேல் அடித்தார். திருகு இடதுபுறம். இறக்கைகள் இடஞ்சுழி. பிறகு வெளிச்சம் மெல்ல நகர்ந்து பமீலாவின் கையில் போய் நின்றது. மோதிரத்தில் கொஞ்சம், சட்டைப் பட்டனில் கொஞ்சம். ஈனிட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அடக் கடவுளே" என்றார். "பமீலா கல்யாணமானவ."

முதலில் சிரித்தது பெவர்லிதான். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்ததே இல்லை. எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஈனிட்டும் சேர்ந்துகொண்டார். "சொந்தச் சட்டை போட்டுக்கிட்டு, சொந்த வீட்டுல நின்னுக்கிட்டிருக்கா பாவம். முப்பது வருஷமா அவளைத் தெருவுல இழுத்து விட்டிருக்கேன். அதுக்கு உங்கப்பா கைதட்டு வேற."

சிரிப்பு ஓய்ந்ததும் ஈனிட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏழு இம்பெல்லர்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். தேதிகளைப் படித்தார்.

"இடப்பக்கத் திருகுக் கட்டுரை" என்றார். "அதை அச்சுல போட்டது நான். படிச்சுப் பார்த்து, நல்லா எழுதியிருக்கே லென்னு லெட்டரும் போட்டேன். மோதிரத்தையும் பட்டனையும் வருஷா வருஷம் எண்ணினவளும் நான்."

பெவர்லி மோட்டாரின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஈனிட் பக்கத்தில் டார்ச் பிடிக்க, இரண்டு கம்பிகளைக் கழற்றி, இடம் மாற்றி முடுக்கினாள். இனி மோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். அப்பாவின் ஏழாவது இம்பெல்லரைத் திரும்பப் பொருத்தினாள். எதிர்ப்பக்கம் சுற்றினால் நட்டு கழன்றுவிடும் என்பதால் அதன்மேல் இன்னொரு நட்டு வைத்து இறுக்கினாள். எல்லாம் பத்து நிமிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் அன்றும் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

இரண்டாவது டின்னை ஈனிட் அடுக்கினார். இந்த முறை சத்தமே வேறாக இருந்தது. தகரக் கூரையில் மழை அடிப்பதுபோல் தண்ணீர் மூடியின் உட்புறத்தில் மோதிக்கொண்டே இருந்தது. இருவரும் மெஷினுக்கு இரண்டு பக்கமும் நின்று கேட்டார்கள். நாற்பது நிமிடம் யாரும் உட்காரவில்லை.

பன்னிரண்டு தட்டு, எட்டுக் கோப்பை. ஈனிட் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்து, திருப்பி, மறுபடி அடித்துப் பார்த்தார். ஒரு தட்டின் விளிம்பில் ஒரு புள்ளி முட்டை. கோப்பைகளில் உதட்டுச்சாயம் இருந்த தடமே இல்லை.

"ஒரு புள்ளி. என் மெஷின் ஒண்ணுகூட இப்படிக் கழுவினதில்ல" என்றார். தட்டுகளை டின்னில் அடுக்கினார். பதிவேட்டை மேசைமேல் விரித்து, லெனார்ட் க்ராப்ட்ரீ இருக்கும் பக்கத்தை எடுத்தார். எழுதாமல் நின்றார்.

"கம்பி மாத்தினதை நான் பார்த்துட்டேன் கண்ணு."

"தெரியும்."

"அந்தப் பக்கமா நான் திரும்பி நின்னிருக்கணும். நின்னேன்னு சொல்ல முடியாது. பக்கத்துலதான் டார்ச் பிடிச்சிட்டிருந்தேன்."

தொழிற்சாலை போட்டபடியே கம்பி இருக்க வேண்டும் என்ற விதியைப் பெவர்லி மறந்திருக்கவில்லை. வேறு ஒரு வழியும் இருந்தது, அதையும் அவள் யோசித்துத்தான் வைத்திருந்தாள். "கம்பியைப் பழையபடி வெச்சிட்டு, சரியான வளைவுல புதுசா ஒரு இம்பெல்லர் நான் செஞ்சு போட்டா? ரெண்டு வாரம் போதும்."

"போடு. ஓடும். கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன்." ஈனிட் ஏழாவது இம்பெல்லர் இருந்த இடத்தை, மூடியின் மேலாகத் தட்டிக் காட்டினார். "ஆனா அப்ப ஓடறது நீ செஞ்சது. உன் பேர்ல எழுதணும். உங்கப்பன் பேருக்கு எதிர்ல 'ஓடவில்லை'ன்னு வரும். அது வேணுமா உனக்கு?"

பெவர்லி தலையசைத்தாள், வேண்டாம் என்று. அதற்குமேல் அவளிடம் வழி எதுவும் மிச்சமில்லை. துணியை எடுத்து இம்பெல்லர்களை ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினாள். முதலாவது, இரண்டாவது. மூன்றாவதில் கை நின்றுவிட்டது. துணியின் முனையைப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈனிட் அவளைப் பார்த்தார். பிறகு ஏட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். திறந்த பேனாவை அதன் நடுவில், அந்த வரிக்கு நேராக வைத்தார்.

"நான் டீ போடறேன்" என்றார்.

கெட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டியருகே போனார். மேசைக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை முழுவதுமாகத் திறந்தார். கெட்டில் நிறைந்தது. வாய் வழியாகவும் மூடி வழியாகவும் தண்ணீர் வழிந்து அவர் சட்டைக் கையை நனைத்தது. குழாயை மூடாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கெட்டிலைப் பிடித்தபடியே நின்றார்.